ஓடைப் புல்வெளியின் கேட்

ஸ்டாக்போர்ட்
மார்ச் 3, 1994

மதிப்பிற்குரிய மிஸ் கியர்ட்டன்,

வரும் ஜூன் 4, சனிக்கிழமை இரவு தங்க உங்கள் வீட்டில் ஓர் அறை வேண்டும். ஒரே ஆள். ஹார்த்வெயிட் கிராமத்தில் உங்கள் பண்ணை வீட்டை விட்டால் வெளியூர்க்காரன் படுக்க வேறு கட்டில் இல்லை என்று நடைப்பயணிகள் கையேட்டில் போட்டிருக்கிறது. இருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

பெயரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். சென்ற ஜூன் ஐந்தாம் தேதி உங்கள் ஓடைப் புல்வெளியில் உங்கள் பசு மிதித்து இறந்துபோன மியூரியலின் கணவன்தான். மேட்டுச் சாலையிலிருந்து உங்கள் கிராமத்துச் சேப்பல் தேவாலயக் கூடம் வரை ஐந்து மைல் பாதை. நாங்கள் நாலு மைல் சொச்சம் நடந்தோம். கூடத்தில் தேநீர் குடிப்பதாகத் திட்டம். மீதியை நடக்க வருகிறேன். ஞாயிறு, ஐந்தாம் தேதி காலையில் நடப்பேன்.

ஒளிக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொதுப் பாதை போகும் நிலத்தில் கன்றுள்ள பசுக்களை விடக்கூடாது என்று கவுன்சிலில் மனு கொடுத்திருக்கிறேன். ஜூன் 14 விசாரணை. அங்கே எழுந்து பேசுவதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் எதையும் பார்க்கவில்லை.

பதில் அனுப்ப உறை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெர்னார்ட் டில்ஸ்லி


ஸ்கார் எண்ட் பண்ணை, ஹார்த்வெயிட்
மார்ச் 9

திரு. டில்ஸ்லி அவர்களுக்கு,

அறை இல்லை. ஜூன் முழுக்க ஆட்கள் வருகிறார்கள்.

பாதை பொதுப் பாதை. அதில் நீங்கள் நடப்பதை என்னாலும் தடுக்க முடியாது, ராணியாலும் தடுக்க முடியாது. ஆனால் என் கூரைக்கடியில் படுப்பதற்குப் பொது உரிமை கிடையாது. என் வயிற்றில் அடிப்பதற்கு மனுக் கொடுத்துவிட்டு, அதற்கு முந்திய வாரம் என் கையாலேயே பன்றி இறைச்சியும் முட்டையும் பொரித்துப் போடச் சொல்கிறீர்கள். நல்ல துணிச்சல்.

உங்கள் மனு என்ன செய்யும் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? என் நிலத்தில் கோடையிலும் தண்ணீர் ஓடுவது அந்த ஒரு புல்வெளியில்தான். மற்றதெல்லாம் பாறை. அங்கே பசு போகக்கூடாது என்றால் ஒரு பசுகூட வைத்திருக்க முடியாது. முப்பத்திரண்டு உருப்படி. என் அப்பா வைத்துவிட்டுப் போன இனம். தீர்ப்பு வந்த மறுநாளே லாரி பிடித்து ஏலச் சந்தைக்கு ஏற்ற வேண்டியதுதான்.

அந்தப் பசுவை அன்று மாலையே சுட்டுவிட்டோம். அதை மரண விசாரணை மன்றத்திலும் சொன்னேன். உங்கள் மனைவிக்காக நான் வருந்தாத நாளில்லை. அதற்குமேல் என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை இந்தப் பள்ளத்தாக்குக்குப் பஸ் கிடையாது. செவ்வாயும் சனியும்தான். முப்பது வருடம் பஸ் பரிசோதகராக இருந்தவர் என்று பத்திரிகையில் படித்தேன். இதுகூடத் தெரியாதா?

எச். கியர்ட்டன்


ஸ்டாக்போர்ட்
மார்ச் 15

மிஸ் கியர்ட்டன்,

முப்பத்தொரு வருடம். ஞாயிறு பஸ் இல்லை என்பதும் தெரியும். திரும்புவதற்கு வாடகைக் கார் சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டுகிறவர் ஸ்கார் எண்ட் வாசலுக்கே பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார்.

உங்களுக்கு ஜூனில் அறை இல்லை என்பதை நான் நம்பவில்லை. என் மைத்துனியை விட்டு உங்களுக்கு டெலிபோன் செய்யச் சொன்னேன். "நாலாம் தேதியா? தாராளமா வாங்கம்மா, வீடே காலியாத்தான் கிடக்கு" என்று சொன்னீர்களாம்.

ஆக, நான் வரக்கூடாது என்பதுதான் விஷயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். மரண விசாரணையில் அந்த அதிகாரி உங்களைக் கேட்டார்: "மாடுங்க அன்னைக்கு ஏன் அவ்வளவு வெறியா இருந்துச்சு?" நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "கன்னு போட்ட மாடு அப்படித்தான் இருக்கும்." நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் எடுக்காதவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் அப்படி உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் தம்பி எங்கே? அன்று கொட்டகைக் கதவைக் கழற்றி, மியூரியலை அதில் கிடத்திச் சாலை வரை தூக்கி வந்தவர் அவர்தான். வழி முழுக்க "அம்மா, கண்ணை மூடாதீங்க, இதோ வந்துட்டோம்" என்று பேசிக்கொண்டே வந்தார். அவரை விசாரணைக்கு ஏன் அழைத்து வரவில்லை? அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால் நீங்கள் விழுங்கியது வெளியே வரும் என்று நினைக்கிறேன். தேடுவேன்.

பெர்னார்ட் டில்ஸ்லி


ஸ்கார் எண்ட்
மார்ச் 21

திரு. டில்ஸ்லி,

வில்ஃபை விட்டுவிடுங்கள். அவன் இப்போது இங்கே இல்லை. அடுத்த பள்ளத்தாக்கில் கல் குவாரி ஒன்றில் வேலை செய்கிறான். பத்து மாதமாக எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. அதற்குக் காரணம் குடும்ப விஷயம். அதைக் கவுன்சிலுக்கு நீங்கள் கொண்டுபோனால் நானும் சும்மா இருக்க மாட்டேன்.

மைத்துனியை விட்டு வேவு பார்த்தீர்கள், சரி. பொய் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். உங்கள் மனுவின் நகல் எனக்கும் வந்திருக்கிறது. அதில் "நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை" என்று ஒரே ஒரு வரி. ஐம்பத்தெட்டு வருடமாக இந்த நிலத்தில் நடைக்காரர்களைப் பார்க்கிறேன். கன்றைத் தடவப் போகிறவர்கள், குடையை விரித்துக்காட்டி மாட்டை விரட்டுகிறவர்கள், சுவர் மேல் ஏறி உட்கார்ந்து கல்லைச் சரிக்கிறவர்கள், எல்லோரும் சொல்வது அந்த ஒரே வரிதான்.

நேர அட்டவணை போட்டே வாழ்ந்தவர் நீங்கள். அன்று காலை மேட்டுச் சாலையில் இறங்கியதிலிருந்து என்னென்ன செய்தீர்கள், எங்கே நின்றீர்கள், ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். நீங்கள் நேர்மையாக எழுதினால், நான் விழுங்கியதாகச் சொல்கிறீர்களே, அதை நானும் எழுதுகிறேன். கெட்ட வார்த்தை சொல்வேன், வாக்குத் தவற மாட்டேன்.

ஹெஸ்டர் கியர்ட்டன்


ஸ்டாக்போர்ட்
மார்ச் 28

மிஸ் கியர்ட்டன்,

சவாலை ஏற்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. என் எல்லாக் கடிதங்களுக்கும் கார்பன் நகல் வைத்திருப்பேன், இதற்கும் உண்டு. பின்னால் ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டேன்.

8.20க்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். எங்களிடம் நாய் கிடையாது. குடை கிடையாது. பாட்டுப் பாடவில்லை. சுவர் ஏறவில்லை. வரைபடம் மியூரியல் கையில், தேநீர்க் குடுவை என் பையில். இருபத்தாறு வருடமாக எங்களுக்குள் அப்படித்தான் பங்கு. வழி அவள் பொறுப்பு, கேட் என் பொறுப்பு. ஒரு கேட்டைக்கூட நான் திறந்துபோட்டு வந்ததில்லை. என் வண்டியில் கதவு சாத்தாமல் ஒரு பஸ் நகர்ந்ததில்லை, அதே பழக்கம். அன்று மட்டும் பதினொரு கேட். ஒவ்வொன்றையும் சாத்தி, கொண்டி மாட்டி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

10.05க்கு உங்கள் மேல் புல்வெளிக்கு வந்தோம். சுவரோரம் கன்றுகள் வெயிலில் படுத்திருந்தன. அவற்றின் பக்கம் நாங்கள் போகவே இல்லை. பெரிய மாடுகள் கீழே ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. மேல் புல்வெளிக்கும் ஓடைப் புல்வெளிக்கும் நடுவில் உள்ள கேட்டை யாரோ பொறுப்பில்லாதவர்கள் ஆவென்று திறந்துபோட்டிருந்தார்கள். போதாததற்கு ஓர் ஆரஞ்சுக் கயிற்றால் சுவர்க் கொக்கியோடு சேர்த்துக் கட்டியும் வைத்திருந்தார்கள். அதைக்கூட நான் விடவில்லை. முடிச்சு கல் மாதிரி இருந்தது. அவிழ்க்க நாலு நிமிடம் ஆயிற்று. மியூரியல் சிரித்தாள். "அட விடுப்பா, யாரோ வேணும்னுதானே கட்டி வெச்சிருக்காங்க." நான் சொன்னேன், "கேட்டுன்னு ஒண்ணு வெச்சா சாத்தத்தான் வெச்சிருப்பாங்க, மியூ." சாத்தினேன். கொண்டி போட்டேன். உங்கள் பண்ணையின் கவனக்குறைவைக்கூட நாங்கள் சரிசெய்துவிட்டுத்தான் போனோம். அந்தக் கயிறு இன்னும் என் மழைக்கோட்டுப் பையில் கிடக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

கீழே சுவர்ப்படிக்குப் பக்கத்தில் தேநீர் குடித்தோம். 10.30. நான் படியேறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டேன். மியூரியல், "கேட்டுப் பக்கத்துல போயி அந்தக் கன்னுக்குட்டிங்களை ஒரு படம் எடுத்துட்டு வந்துடறேன், போயிட்டே இரு" என்றாள். கன்றுகள் அப்போது கத்திக்கொண்டிருந்தன. நான் நடந்துகொண்டே இருந்தேன். இதற்குமேல் எழுத முடியவில்லை.

இதில் என்ன தவறு இருக்கிறது என்று காட்டுங்கள். காட்டிவிட்டு, உங்கள் பங்கை எழுதுங்கள்.

பெர்னார்ட் டில்ஸ்லி


ஸ்டாக்போர்ட்
ஏப்ரல் 20

மிஸ் கியர்ட்டன்,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வாக்குத் தவறாதவர் என்று நீங்களே சொன்னீர்கள்.

ரயில் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். நீங்கள் அறை தராவிட்டால் உங்கள் ஊர்ப் பஸ் நிழற்குடையில் படுத்துக்கொள்வேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. பஸ் நிழற்குடை எனக்குப் புதிதல்ல.

பெ. டி.


ஸ்கார் எண்ட்
ஏப்ரல் 26

அன்புள்ள திரு. டில்ஸ்லி,

அறை இருக்கிறது. நிழற்குடையில் படுக்க வேண்டாம். அங்கே ஆடுகள் படுக்கும், உங்களுக்கு இடம் விடாது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வராதீர்கள். ஜூனில் வராதீர்கள். அக்டோபரில் வாருங்கள். அப்போது மாடுகள் கொட்டகைக்கு வந்துவிடும், புல்வெளி வெறுமனே கிடக்கும், அமைதியாக நடக்கலாம். நானே சேப்பல் கூடத்தைத் திறந்து தேநீர் போடுகிறேன். பழக் கேக்கோடு பாலாடைக்கட்டி வைத்துத் தருவேன். உங்கள் ஊர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்துத் தின்னத் தெரியாது, பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனுவை நான் எதிர்க்கப் போவதில்லை. பதினாலாம் தேதி நான் வரமாட்டேன். கவுன்சில் என்ன சொன்னாலும் சரி. மாடுகளை விற்றுவிடுகிறேன்.

போன வாரம் என் தம்பியைப் பார்க்கப் போனேன். குவாரிக்குப் பின்னால் ஒரு பழைய கேரவனில் இருக்கிறான். கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று கதவோடுதான் பேசினேன்.

"வில்ஃப், நான்தான்டா."

"தெரியுது. என்ன வேணும்?"

"தப்பு என் மேலதான்டா."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும். யார் சொன்னா? நான் சொன்னப்ப நம்பலையே."

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அவன் கதவைத் திறந்திருப்பான். வாசற்படியில் கேக்கை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

தயவுசெய்து அக்டோபரில் வாருங்கள்.

ஹெஸ்டர்


ஸ்டாக்போர்ட்
மே 2

மிஸ் கியர்ட்டன்,

உங்கள் கடிதம் எனக்குப் பயமாக இருக்கிறது. மார்ச்சில் என்மேல் பாய்ந்த பெண், இப்போது மாட்டையெல்லாம் விற்றுவிடுகிறேன் என்கிறாள், ஒரு கிழவன் ஊருக்கு வராமல் இருந்தால் போதும் என்பதற்காக! ஒருவர் இவ்வளவு கொடுத்து ஒன்றை மூடிவைக்கிறார் என்றால் உள்ளே இருப்பது சின்ன விஷயமாக இருக்காது.

நான் எழுதிய எதுவோ உங்களை மாற்றியிருக்கிறது. என் கடிதத்தின் நகலை எடுத்து ஏழு தடவை படித்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் நடந்தோம், தேநீர் குடித்தோம், அவள் படம் எடுக்கப் போனாள். நான் கூடப் போயிருக்கலாம் என்பதைத் தவிர அதில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அதை நினைக்காத நாளில்லை. நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

எனக்கு இரக்கம் வேண்டாம். மியூரியல் ஏன் செத்தாள் என்று தெரியவேண்டும். ஜூன் 4, சனிக்கிழமை, 2.40 பஸ்.

பெர்னார்ட் டில்ஸ்லி


ஸ்கார் எண்ட்
மே 27

அன்புள்ள திரு. டில்ஸ்லி,

சரி. வாருங்கள்.

கிழக்குப் பார்த்த அறையைத் தயார்செய்து வைக்கிறேன். கட்டில் கிறீச்சிடும், கணப்பு நன்றாக எரியும். பூட்ஸுக்கு மெழுகு போட்டுக்கொண்டு வாருங்கள், இந்த வருடம் ஓடைக்கரை சேறாகக் கிடக்கிறது. மாடுகளைப் போன வாரம் வெளியே விட்டாயிற்று. ஆகவே நான் கூட வராமல் நீங்கள் புல்வெளியில் கால் வைக்கக்கூடாது. இதை மட்டும் கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் சமையலறைக்கு வந்து உட்காருங்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று தடவை எழுதிவிட்டு மூன்று தடவையும் அடுப்பில் போட்டேன். அந்த உறை உங்கள் வீட்டுக் கதவிடுக்கு வழியாக விழுந்து, நீங்கள் தன்னந்தனியாக அதைப் பிரிப்பதை நினைத்தால் கை ஓடவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருக்கும்போதுதான் அதைக் கேட்க வேண்டும். நான் உங்களுக்குப் பிடித்த ஆள் இல்லை. இருந்தாலும் ஓர் ஆள்.

என் பங்கை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன், அது என்னுடையதுதானே. விசாரணை மன்றத்தில் நான் உண்மையை முழுசாகச் சொல்லவில்லை. மாடுகள் வெறிபிடித்தது ஏன் என்று எனக்கு அன்றே தெரியும். அது என் தம்பி செய்த தவறு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். வெளியே அவனைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்குள் வந்து அவனை நாக்கால் அறுத்தேன். அவன் செய்யவே இல்லை.

2.40க்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்.

ஹெஸ்டர்


ஸ்டாக்போர்ட்
ஜூன் 16

அன்புள்ள மிஸ் கியர்ட்டன்,

2.40 பஸ்ஸில் நான் வரவில்லை. நீங்கள் நிறுத்தத்தில் காத்திருந்திருப்பீர்கள். மன்னியுங்கள்.

உங்களை நான் நம்பவில்லை. சமையலறையில் உட்காரவைத்து எதையாவது சொல்லிப் புல்வெளியைப் பார்க்கவிடாமல் செய்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதனால் ஒரு நாள் முன்னதாகவே ரயிலில் வந்து டவுனில் தங்கி, சனிக்கிழமை காலை வாடகைக் காரில் மேட்டுச் சாலைக்கு வந்து இறங்கிவிட்டேன். அதே பாதை. பத்து கேட்டையும் சாத்தினேன். பதினொன்றாவதிடம் வரும்போது மணி 11.50.

கேட் ஆவென்று திறந்து கிடந்தது. ஆரஞ்சுக் கயிற்றால் கொக்கியோடு கட்டியிருந்தது. கன்றுகள் சுவரோரம் படுத்திருந்தன.

மிஸ் கியர்ட்டன், நான் முடிச்சில் கை வைத்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். ஒரு வருடம் கழித்தும் என் கை தானாக அங்கேதான் போயிற்று. "இன்னும் திருந்தலையே இவங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போது கீழே ஓடையிலிருந்து ஒரு கறுப்புப் பசு மேலே ஏறி வந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட் வழியாக என் முழங்கையை உரசிக்கொண்டு நேராகப் போய் ஒரு கன்றுக்குப் பக்கத்தில் நின்றது. கன்று எழுந்து மடியில் முட்டிக் குடிக்க ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொரு பசு. அப்புறம் இன்னொன்று. தண்ணீர் குடித்துவிட்டு எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

என் கை முடிச்சில்தான் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னாளே. "விடுப்பா, யாரோ வேணும்னுதானே கட்டி வெச்சிருக்காங்க" என்று சொன்னாளே. அதை என் கையாலேயே உங்களுக்கு எழுதி அனுப்பினேன். கார்பன் வைத்து எழுதினேன், ஏழு தடவை படித்தேன். ஒரு தடவைகூட அது என் காதில் விழவில்லை.

உங்கள் வீட்டுக்கு வரும் திராணி இல்லை. மேட்டுச் சாலைக்கே திரும்பி நடந்து, 4.10 பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன். மீதிப் பாதை அப்படியே கிடக்கிறது.

பதினாலாம் தேதி கவுன்சிலுக்குப் போனேன். எழுதிவைத்திருந்த பேச்சைப் பையிலேயே விட்டுவிட்டேன். "மனுவைத் திரும்ப எடுத்துக்கறேன். கேட்டைச் சாத்தினது நான்தான்" என்றேன். தலைவர், "சாத்தினது நல்லதுதானே, ஐயா?" என்று கேட்டார். அவரும் என்னைப் போல டவுன்காரர். தாய் ஒரு பக்கமும் கன்று ஒரு பக்கமும் ஆகிவிட்டதை அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடையவில்லை. மரண விசாரணை அதிகாரிக்கும் இதையே எழுதிப் போட்டுவிட்டேன். அந்த கேட்டில் ஒரு பலகை வைக்க ஒத்துக்கொண்டார்கள். வாசகம் என்னுடையது: "கேட் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்." உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயமாம். கிளார்க் சொன்னார்.

அந்தக் கயிற்றை உங்கள் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். முடிச்சை அவிழ்த்தவன் நான், கயிற்றை எடுத்துக்கொண்டு போனவனும் நான், நீங்கள் போட்ட முடிச்சில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். மியூரியலைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் ஒரு வருடம் இருந்திருக்கிறேன். அதையும் எழுதினேன்.

மார்ச்சிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே வரியில் என் வாயை அடைத்திருக்கலாம். மாட்டை விற்கிறேன் என்று எழுதினீர்கள். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெர்னார்ட்


ஸ்கார் எண்ட்
ஜூன் 23

அன்புள்ள பெர்னார்ட்,

அன்று உங்களைப் பார்த்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அந்த கேட் தெரியும். பச்சை மழைக்கோட்டோடு ஒருவர் கயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றதும் யாரென்று தெரிந்துவிட்டது. கட்டளை போட்டும் கேட்காத மனுஷன்! ஓடி வந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று எழுதியவள் நான்தானே. கதவு வரைதான் வந்தேன். நாற்பது நிமிடம் நீங்கள் அங்கே நின்றீர்கள், நாற்பது நிமிடம் நான் இங்கே நின்றேன். நீங்கள் திரும்பி மேலே ஏறிப் போனதும் உட்கார்ந்து அழுதேன். நான் அழுகிறவள் இல்லை.

உங்களைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதிதான் அது. உங்களிடம் சொன்னால் என் தம்பியிடமும் சொல்ல வேண்டும். அவனிடம் சொன்னால், பத்து மாதம் நான் செய்ததற்கு அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அவன் கட்ட மறந்து, கேட் காற்றில் சாத்திக்கொண்டது என்றுதான் நினைத்தேன். அன்று அவனிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "கட்டுனேன் கட்டுனேன்னு சொல்றியே, அப்ப கயிறு எங்கடா?" கயிறு எங்கேயும் இல்லை. கொக்கியிலும் இல்லை, தரையிலும் இல்லை. நான் புல்லைக்கூட விலக்கிப் பார்த்தேன். "சத்தியமா கட்டுனேன்க்கா" என்றான். "ஒரு பொம்பளையோட உசிரு போயிருக்கு, இப்பவும் பொய்யா?" என்றேன். அன்று இரவே துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை வந்தான். கதவைத் தட்டவில்லை. உள்ளே வந்து மேசையில் உங்கள் உறையைப் போட்டான். கயிறு வெளியே விழுந்தது.

"அக்கா, கயிறு வந்துடுச்சு" என்றான்.

அவ்வளவுதான். நான் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "டீ ஆறிடுச்சு, வேற போடு" என்றான். இன்னும் என் முகத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. ஆனால் கேரவனைக் காலி செய்துவிட்டான். சாப்பாட்டில் உப்புப் போதவில்லை என்று நேற்றுத் திட்டினான்.

கிழக்கு அறை உங்களுக்காக அப்படியே இருக்கிறது. முக்கால் மைல் பாக்கி. நீங்கள் எப்போது வந்தாலும் அவன் உங்களோடு நடப்பதாகச் சொல்கிறான். "அந்தப் பெரியவரைத் தனியா நடக்க விடாத. கேட்டைத் தொடாம வரச் சொல்லு" என்றான். இது அவன் சொன்னது. கோபித்துக்கொள்ளாதீர்கள், பிடித்தவர்களிடம்தான் இப்படிப் பேசுவான்.

இன்று காலை மாடுகளை மறுபடி மேல் புல்வெளிக்கு மாற்றினோம். ஓடைப் பக்கத்து கேட்டைக் கட்ட அவன்தான் போனான், அந்தப் பழைய கயிற்றையே எடுத்துக்கொண்டு. திரும்பி வந்து கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

கட்டினாயா என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய் ஜன்னலில் பார்க்கவும் இல்லை.

ஹெஸ்டர்